பேட்டரியும் மாற்றியாயிற்று, செல்ஃப் மோட்டாரும் மாற்றியாயிற்று: ஒரு எர்த் கோளாறின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஒரு சிறிய கார். கையால் கியர் மாற்றும் வகை. ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. சாவியைத் திருப்பினால் சில நேரம் இன்ஜின் சோம்பலாகச் சுற்றும். சில நேரம் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. மற்ற நேரங்களில் எந்தக் குறையும் தெரியாமல் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். இந்த மூன்றில் எது எப்போது வரும் என்று உரிமையாளரால் சொல்ல முடியவில்லை.

இங்கே வருவதற்கு முன் வேறு இடத்தில் இரண்டு வேலைகள் நடந்திருந்தன. முதலில் பேட்டரி மாற்றினார்கள். சில வாரம் நன்றாக ஓடி, கோளாறு திரும்ப வந்தது. அப்புறம் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் அதே கதை. கழற்றிய பழைய செல்ஃப் மோட்டாரை உரிமையாளர் டிக்கியிலேயே வைத்திருந்தார். அது பின்னால் உதவியது.

வண்டியை எடுத்துக்கொண்ட பட்டறை மூன்று பேர் வேலை செய்யும் சிறிய இடம். மூத்த மெக்கானிக் ஒருவர், மின்வேலையில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர், உதவியாளர் ஒருவர். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ரிங் ஸ்பேனர், ஓப்பன் ஸ்பேனர் செட்டுகள், சாக்கெட் பெட்டி, காற்றில் ஓடும் இம்பேக்ட் கன், போல்ட்டின் இறுக்கத்தை 40 முதல் 200 நியூட்டன்-மீட்டர் வரை அளக்கும் டார்க் ரெஞ்ச், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பேட்டரி லோடு டெஸ்டர், வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைத்துத் தாங்களே செய்துகொண்ட ஒரு டெஸ்ட் லாம்ப். இல்லாதவை இரண்டு: டிசி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர், சிறிய அளவு டார்க் ரெஞ்ச். அவை இரண்டும் என்னிடம் இருந்ததால்தான் கூப்பிட்டார்கள். இந்த வேலையைக் கிட்டே நின்று பார்த்ததும் அப்படித்தான்.

முதல் நாள் பார்த்தவை

இளைஞர் முதலில் ஸ்கேனரை மாட்டினார். இரண்டு கோடுகள், அதாவது கோளாறுக் குறியீடுகள், இருந்தன. பி0562, அதாவது மின்னழுத்தம் குறைவு. யு0121, அதாவது பிரேக்கைக் கவனிக்கும் கணினியான ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு அறுந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் பேச்சு ஏபிஎஸ் யூனிட் பக்கம் போனது. மூத்தவர் அதை அங்கேயே நிறுத்தினார். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் படுத்துக்கொண்டால் எந்த யூனிட்டும் ஒரு கணம் மயங்கும், தொடர்பு அறுந்ததாகப் பக்கத்து யூனிட் பதிவு செய்யும், ஆகவே இரண்டாவது கோடு முதல் கோட்டின் நிழலாக இருக்கலாம் என்றார். கோடுகளை எழுதி வைத்துக்கொண்டார்கள், அழிக்கவில்லை.

இங்கே ஒரு சொந்தக் கருத்து. கோடு என்பது எந்த யூனிட் எதை உணர்ந்தது என்பதற்கான பதிவு மட்டுமே. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. ஸ்கேனர் கையில் வந்ததும் இதை மறந்துவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல கருவிதான். ஆனால் கணினியின் கண்ணுக்கு எட்டாத தடித்த கேபிள்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து மல்டிமீட்டர். பேட்டரியில் 12.6 வோல்ட். ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு இது நிறைந்த சார்ஜ் என்று பொருள். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். வண்டி ஓடி வந்த உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டும் என்பதால் ஹெட்லைட்டைச் சில நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுக் காத்திருந்துதான் அளந்தார்கள். லோடு டெஸ்டரிலும் பேட்டரி தேறியது. குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடியதாக அந்தப் பேட்டரிக்குக் குறிப்பிட்ட ஆம்பியரில் பாதியை 15 விநாடி இழுத்தபோது வோல்டேஜ் 10.7-க்குக் கீழே போகவில்லை. 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு இளைஞர் எர்த் பாதையை, அதாவது கரண்ட் இன்ஜின் உடல், பாடி வழியாக பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழியை, சோதித்தார். மீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையை கியர்பாக்ஸ் உடலிலும் வைத்தார். 0.2 ஓம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2 ஓம்தான். "அண்ணே, எர்த் சுத்தமா இருக்கு" என்றார். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்விலும் இன்னொன்றை கியர்பாக்ஸிலும் வைத்துப் பார்த்தார்கள். 21 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது.

ஆக, பேட்டரி, எர்த் இரண்டும் சரி, செல்ஃப் மோட்டாரோ புதியது. தாளில் எழுதினால் இந்த வண்டியில் கோளாறே இல்லை.

கசிவுச் சோதனையும் ஒரு பொய்யான பூஜ்யமும்

சில நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றும் உரிமையாளர் சொல்லியிருந்தார். அதனால் வண்டி அணைந்திருக்கும்போது கரண்ட் கசிகிறதா என்று பார்க்க முடிவு செய்தார்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, இடையில் மீட்டரைத் தொடராக இணைத்தார்கள். அளவு 0.00 ஆம்பியர்.

கசிவே இல்லை என்று எழுதப்போகும் நேரத்தில் மூத்தவர் ஒரு காரியம் செய்தார். கதவைத் திறந்தார். உள்விளக்கு எரியவில்லை. மீட்டர் வழியாகக் கரண்ட் போகிறதென்றால் கதவு திறந்ததும் அந்த விளக்கு எரிந்திருக்க வேண்டும், மீட்டரிலும் எண் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. மீட்டரைத் திறந்து பார்த்தால் 10 ஆம்பியர் துளையின் உள்ஃபியூஸ் எப்போதோ போயிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒருவர் கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிடுகிறார். அடுத்தவர் சுவிட்சை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி பேட்டரியின் இரு முனைகளில் வைக்கிறார். ஆம்பியர் துளைக்குள் தடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, ஆகவே அது நேரடி ஷார்ட். ஒரு தீப்பொறி, ஃபியூஸ் போய்விடும். நல்ல மீட்டராக இருந்தால் அதோடு தப்பிக்கலாம், ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டரில் ஒயர் கையிலேயே உருகும். ஃபியூஸ் போன பிறகும் வோல்ட், ஓம் அளவுகள் சரியாகவே வரும். அதனால் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். கரண்ட் அளவு மட்டும் எந்த வண்டியில் வைத்தாலும் பூஜ்யம்.

அதே மதிப்பும் அதே வகையுமான ஃபியூஸ் கிடைக்கும்வரை அந்த மீட்டரில் கரண்ட் அளப்பதில்லை என்று முடிவானது. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றலாம் என்ற யோசனையும் வந்தது. மூத்தவர் ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் சரி. அந்த இடத்தில் இருப்பது மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ். பெரிய ஷார்ட்டில் உள்ளே எழும் தீப்பொறியை அணைப்பது அந்த மணல்தான்.

கசிவுச் சோதனையை என் கிளாம்ப் மீட்டரில் செய்தோம். டெர்மினலைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால் எல்லாக் கிளாம்ப் மீட்டரும் இதற்கு உதவாது. பலவற்றில் தாடை ஏசி கரண்ட்டை மட்டுமே உணரும். டிசி அளக்கும் மீட்டரிலும் மில்லி ஆம்பியர் அளவு தெளிவாக வரக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒயரைச் சுற்றி மாட்டும் முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, கதவு மூடியதாக வண்டியை நம்பவைத்து, யூனிட்டுகள் தூங்கப்போகும்வரை காத்திருந்தோம். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு முதல் ஐந்து நிமிடத்தில் அளந்தால் எல்லா வண்டியிலும் கசிவு இருப்பது போலத்தான் தெரியும். கடைசியில் 28 மில்லி ஆம்பியரில் நின்றது. 50-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. கசிவு இல்லை என்று இப்போது தைரியமாக எழுத முடிந்தது. ஆனால் பேட்டரி ஏன் இறங்குகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

எந்தச் சோதனையை நம்புவது

இந்த இடத்தில்தான் வேலையின் திசை மாறியது. இதுவரை செய்த எர்த் சோதனைகள் எர்த்திடம் என்ன கேட்டன என்று மூத்தவர் கணக்குப் போட்டார்.

மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இருக்கும், சில நிலைகளில் அதைவிடவும் குறைவு. 21 வாட் பல்பு இழுப்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர். இந்த வண்டியின் செல்ஃப் மோட்டார் கேட்பதோ 100 ஆம்பியருக்கு மேல். எர்த் பாதையில் 0.03 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்பு எரியும்போது அங்கே இழப்பு ஏறக்குறைய 0.05 வோல்ட்தான், பல்பின் ஒளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே தடையில் 120 ஆம்பியர் ஓடினால் 3.6 வோல்ட் போய்விடும். ஓம் மீட்டருக்கோ அந்த 0.03 ஓம் கண்ணிலேயே படாது. அதன் சொந்த ஒயர்களின் தடையே 0.2. பத்துப் புரிக் கயிற்றில் ஒரு புரி மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதில் கைக்குட்டை காயப்போடலாம், கிணற்று வாளியைத் தூக்க முடியாது.

ஆகவே முடிவு: செல்ஃப் மோட்டார் உண்மையில் இழுக்கும் நேரத்தில், அது போகும் பாதையில் எங்கே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளப்பது. வோல்டேஜ் டிராப் சோதனை என்று இதைத்தான் சொல்கிறோம். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வேண்டாம். ஃபியூஸ் போன அதே மல்டிமீட்டரே போதும், ஏனென்றால் வோல்ட் அளவு அதில் சரியாகவே இருந்தது. பேட்டரியில் வைத்துப் பார்த்ததும் லோடு டெஸ்டரின் அளவோடு பொருந்தியது.

ஸ்டார்ட் ஆக விடாமல் சுற்ற வைக்க வேண்டும் என்பதால் பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடுங்கினார்கள். கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்ட நிலையில். எண்கள் வேகமாக மாறும் என்பதால் மீட்டரை உச்சத்தையும் அடியையும் பிடித்துவைக்கும் நிலையில் வைத்தார்கள். முனையை வைக்கும் இடம் முக்கியம். பேட்டரியின் ஈயத் தண்டிலேயே வைக்க வேண்டும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அல்ல. கிளாம்ப்பில் வைத்தால் தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே இருக்கும் கோளாறு கணக்கிலேயே வராது.

எண்கள் சொன்னது

முதல் இரண்டு முறை செல்ஃப் வேகமாகச் சுற்றியது. எர்த் பக்க இழப்பு 0.4 வோல்ட்தான். பொதுவாக ஏற்கப்படும் 0.2-ஐவிட அதிகம், ஆனால் இந்தக் கோளாறை விளக்கும் அளவுக்கு இல்லை. வண்டியைச் சற்று அசைத்து, இன்ஜினை அதன் மவுண்ட்டில் கையால் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு மறுபடி முயன்றபோது சோம்பல் சுற்று வந்தது. எண்களும் வந்தன.

பேட்டரியின் இரு தண்டுகளுக்கிடையே 11.4 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் சுமார் 120 ஆம்பியர். பாசிட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை இழப்பு 0.35 வோல்ட். 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதால் அது சரி. நெகட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் உடல் வரை 3.2 வோல்ட். மோட்டாருக்கு மிஞ்சியது 8 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு.

அந்த 11.4 என்ற எண்ணே ஒரு துப்புதான். பேட்டரி பலவீனமாக இருந்து இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி வோல்டேஜ் ஆழமாகச் சரியும். இங்கே சுற்று மெதுவாக இருந்தும் பேட்டரி நிமிர்ந்து நின்றது. பாதையில் எங்கோ கரண்ட் நெரிபடுகிறது என்பதற்கு அடையாளம் அது. முன்பு பேட்டரியை மாற்றியவர் சுற்றும்போது ஒருமுறை இந்த அளவைப் பார்த்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

இனி 3.2 வோல்ட் எங்கே என்பது மட்டும் பாக்கி. பாதையைத் துண்டு துண்டாக அளந்தார்கள். தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் இடையே 0.02. கிளாம்ப்பிலிருந்து கேபிள் பாடியில் சேரும் போல்ட் வரை 0.05. பாடியிலிருந்து கியர்பாக்ஸ் உடல் வரை 3.1. பாடியையும் கியர்பாக்ஸையும் இணைப்பது பின்னல் செம்பு எர்த் ஸ்ட்ராப் ஒன்று. அதன் மேல்முனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது, யாரோ அண்மையில் இறுக்கிய தடயமும் தெரிந்தது. கீழ்முனை அடித்தகட்டுக்கு மேலே, கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் இருந்தது.

பாகம் வாங்கும் முன் ஒரு உறுதிச் சோதனை. ஜம்ப் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நேரே இன்ஜின் பிளாக்குக்குப் போட்டு, இன்ஜினை ஆட்டி ஆட்டிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் வேகமான சுற்று.

பேட்டரி இறங்கும் கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்தது. ஆல்டர்னேட்டரும் இன்ஜின் உடல் வழியாகத்தான் எர்த் ஆகிறது, அது தரும் கரண்ட் திரும்பி வருவதும் இதே ஸ்ட்ராப் வழியாகத்தான். ரிலேயை மாட்டி இன்ஜினை ஓட்டி, ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டு அளந்தார்கள். ஆல்டர்னேட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.3 வோல்ட். பேட்டரிக்கு வந்து சேர்ந்தது 13.3 மட்டுமே. குறுகிய ஓட்டங்களில் அந்தப் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்பியிருக்க வாய்ப்பில்லை. பட்டறையில் முதலில் காட்டிய 12.6 வோல்ட்டோ, உரிமையாளர் முந்தின நாள் வெளியே சார்ஜரில் போட்டு எடுத்ததால் வந்தது. இது விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

அந்த ஒரு போல்ட்

கோளாறைக் கண்டுபிடிக்க ஆன நேரத்துக்குச் சமமாக அதைக் கழற்றவும் ஆனது. கியர்பாக்ஸின் அலுமினிய உடலில் இறங்கியிருந்த எட்டு மில்லிமீட்டர் போல்ட், 13 மில்லிமீட்டர் தலை. துரு ஏறியிருந்தது, தலையின் மூலைகள் பாதி உருண்டிருந்தன. முன்பு யாரோ ஓப்பன் ஸ்பேனரால் முயன்றிருக்க வேண்டும். அது தலையின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும், வலு கொடுத்தால் வாய் விரியும். எட்டாத இடத்தில் அரையங்குல ஸ்பேனரைப் போட்டிருக்கவும் கூடும். அது 12.7 மில்லிமீட்டர், துருவில் தேய்ந்த 13 தலையில் ஏறிவிடும், பிறகு வழுக்கும்.

உதவியாளர் இம்பேக்ட் கன்னை எடுத்தார். மூத்தவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேணாம்ப்பா, அலுமினியம்." துருப்பிடித்த எஃகு போல்ட் அலுமினிய மரைக்குள் இறுகியிருக்கும்போது அடித்துத் திருப்பினால் ஒன்று போல்ட் முறியும், இல்லையேல் மரை அதோடு பிய்ந்து வரும். இரண்டிலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரலாம். கேஸ் தீயால் சூடாக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பக்கத்தில் ஆயில் சீலும் ஒயர் கட்டும் இருந்ததால் அதையும் விட்டுவிட்டார்கள்.

செய்தது இது. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, கம்பி பிரஷ்ஷால் போல்ட்டைச் சுற்றி இருந்த அழுக்கையும் வெள்ளை உப்பையும் நீக்கினார்கள். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, இடையிடையே லேசாகத் தட்டி, மதியம் வரை விட்டுவைத்தார்கள். பட்டறையின் சாக்கெட் பெட்டியில் இருந்தவை எல்லாம் பன்னிரண்டு முனை சாக்கெட். அவை தலையின் மூலைக்குப் பக்கத்தில் பிடிப்பவை, மூலையே இல்லாத தலைக்கு உதவாது. ஆறு முனை 13 சாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தலையில் ஏற்றினார்கள். ராட்செட்டுக்குப் பதில் பல் இல்லாத நீள பிரேக்கர் பார். ராட்செட்டில் குழாயைச் செருகி நீட்டினால் உள்ளே இருக்கும் பல் நழுவும் அபாயம் உண்டு, நழுவினால் கை போய் மோதும் இடம் கூரான பிராக்கெட். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அழுத்தம், பிறகு கழற்றும் திசையில். நகர்ந்ததும் முழுதாகக் கழற்றிவிடாமல் கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே ஓட்டி, மறுபடி வெளியே. மரை முழுதாகத் தப்பியது.

ஸ்ட்ராப் வெளியே வந்ததும் காரணம் தெரிந்தது. கீழ்முனை வளையம் உட்காரும் இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. வளையத்தைச் செம்புப் பின்னலோடு கவ்வியிருந்த இடம் உள்ளே பச்சை பிடித்து, பெரும்பாலான இழைகள் கையில் பொடியாக உதிர்ந்தன. பத்து ஆண்டு ஈரமா, இடையில் நடந்த கிளட்ச் வேலையில் சரியாக உட்காராமல் போனதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதே தடிமன் உள்ள புதிய ஸ்ட்ராப் வந்தது. உட்காரும் இடத்தை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்தார்கள், மரை வெட்டும் டேப் கருவியை ஓட்டி மரையைச் சுத்தம் செய்தார்கள், புது போல்ட். சர்வீஸ் கையேடு சொன்ன இறுக்கம் 22 நியூட்டன்-மீட்டர். பட்டறையின் டார்க் ரெஞ்ச் 40-இல்தான் தொடங்கும். உத்தேசமாக இறுக்கலாம் என்பது சுலபமான யோசனை, அலுமினிய மரையில் நான் அதைச் செய்யமாட்டேன். என் சிறிய ரெஞ்சில் இறுக்கினோம். இறுக்கிய பிறகு வெளிப்புறத்தில் வாசலின் பூசப்பட்டது.

பின்விளைவு

மறுபடி அதே அளவுகள். சுற்றும்போது 145 ஆம்பியர். எர்த் இழப்பு 0.12 வோல்ட். பாசிட்டிவ் இழப்பு 0.42. பேட்டரித் தண்டுகளில் 11.1 வோல்ட்.

கடைசி எண்ணைப் பார்த்து இளைஞர் திகைத்தார். கோளாறோடு இருந்தபோது 11.4, சரிசெய்த பிறகு 11.1, பேட்டரி மோசமாகிவிட்டதா என்று. மோட்டாருக்கு இப்போது தேவையான கரண்ட் தடையின்றிப் போகிறது, கூடுதலாகக் கொடுப்பதால் பேட்டரி சற்றுக் கூடுதலாக இறங்குகிறது, அவ்வளவுதான். மோட்டாருக்குச் சேர்வது 8-க்குக் கீழிருந்து 10.5 வோல்ட்டுக்கு ஏறியிருந்தது. விளக்கும் ப்ளோயரும் ஓடும்போது பேட்டரிக்கு வரும் சார்ஜ் 14.1-க்கு வந்துவிட்டது.

இரண்டு கோடுகளையும் இப்போதுதான் அழித்தார்கள். உரிமையாளர் பிறகு எண்ணெய் மாற்ற வந்தபோது மறுபடி பார்த்ததில் இரண்டும் திரும்பவில்லை, ஸ்டார்ட் கோளாறும் இல்லை.

டிக்கியில் இருந்த பழைய செல்ஃப் மோட்டாரை வைஸில் பிடித்து ஜம்ப் கேபிளால் ஓட்டிப் பார்த்தார்கள். துள்ளிக்கொண்டு சுற்றியது. அது நல்ல மோட்டார்தான் என்று இளைஞர் பதிவேட்டில் எழுதப்போனார், மூத்தவர் விடவில்லை. சுமையில்லாமல் சுற்றியது என்று மட்டும் எழுதச் சொன்னார்.

பட்டறையில் மாறியவை

ஸ்டார்ட் புகாரோடு வரும் எந்த வண்டியிலும் பாகத்தைப் பற்றிப் பேசும் முன் நான்கு அளவுகள் எழுதப்படுகின்றன: ஓய்வில் பேட்டரி வோல்டேஜ், சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ், பாசிட்டிவ் இழப்பு, எர்த் இழப்பு. புகார் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் இன்ஜினை ஆட்டிவிட்டு இரண்டாம் முறை அளப்பதும் சேர்த்தி. பேட்டரியைக் கடைசியாக எப்போது வெளியே சார்ஜ் செய்தார்கள் என்ற கேள்வி வண்டியை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் படிவத்தில் ஏறியது. முதல் நாளே அதைக் கேட்டிருந்தால் கசிவுச் சோதனைக்கு முன்பே ஆல்டர்னேட்டர் பக்கம் பார்வை போயிருக்கும்.

மல்டிமீட்டருக்குச் சரியான பீங்கான் ஃபியூஸும், ஒன்று கையிருப்புமாக வாங்கினார்கள். கரண்ட் அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும். கரண்ட் அளவு பூஜ்யம் காட்டினால் ஒரு கதவைத் திறந்து எண் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே அதை எழுத வேண்டும். 21 வாட் டெஸ்ட் லாம்ப்பைத் தூக்கி எறியவில்லை. ஃபியூஸ் பெட்டி, விளக்கு, ஹாரன் ஒயர்களில் அது மீட்டரைவிட நேர்மையான கருவி, ஏனென்றால் கொஞ்சமாவது சுமை கொடுக்கிறது. அதன் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி, ஏர்பேக், கணினி ஒயர்களில் வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

வாங்கும் பட்டியலில் மூத்தவர் முதலில் போட்டது 8 முதல் 19 வரையிலான ஆறு முனை சாக்கெட்டுகள், அடுத்து 5 முதல் 50 நியூட்டன்-மீட்டர் வரை அளக்கும் டார்க் ரெஞ்ச். டிசி கிளாம்ப் மீட்டர் மூன்றாவதாக இருந்தது. இளைஞர் அதை முதலில் போட வேண்டும் என்றார். இந்த வண்டியில் கோளாறைக் காட்டியது வோல்ட் அளவுதான், கரண்ட் அளவு இல்லாமலும் அதே முடிவுக்கு வந்திருக்கலாம் என்பது மூத்தவரின் வாதம். நானும் அவர் பக்கம்தான், மீட்டரை இரவல் கொடுத்தவன் என்றாலும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கியர் கேபிளின் இன்ஜின் பக்க முனையில் பிளாஸ்டிக் உறை இளகி மறுபடி இறுகிய தடம் தெரிந்தது. ஸ்ட்ராப் வழி அடைபட்டபோது செல்ஃப் மோட்டாரின் கரண்ட்டில் ஒரு பங்கு அந்த எஃகு கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. இப்போதைக்கு கியர் சரியாக விழுகிறது, உரிமையாளர் உடனே மாற்ற வேண்டாம் என்றார். பில்லின் அடியில் அதைக் குறிப்பாக எழுதி, கியர் விழுவதில் கனம் தெரிந்தால் முதலில் இந்தக் கேபிளைப் பார்க்கவும் என்று சேர்த்து, கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள்.